பின் அறை டம்ளர்

பின் அறையில் வைத்த டம்ளர் மட்டும் காலியாக இருந்தது.

வீட்டை அடியோடு அறுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, இரும்புச் சக்கரங்களில் உருட்டிப் புது மனைக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. புறப்படும் முன் மேஸ்திரி கூடம், நடு அறை, சமையலறை, பின் அறை என நான்கிலும் ஒரு டம்ளர் தண்ணீரை விளிம்பு தொட வைத்திருந்தார். வீடு ஒரு நூல் சாய்ந்தாலும் தண்ணீர் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு சொட்டு சிந்தினால் மீசையை எடுத்துவிடுவதாகச் சவால் வேறு.

மூன்று டம்ளர்கள் நிறைந்திருந்தன. நான்காவதைச் சுற்றித் தரையில் ஈரமே இல்லை.

"சிந்தல சார், யாரோ குடிச்சிருக்காங்க" என்றார் மேஸ்திரி. "தாகமா இருந்தா கேட்டிருக்கலாமே. என் மீசையோடயா விளையாடுவீங்க?"

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அது அக்காவின் அறை.

புத்தி சரியில்லாத அக்கா. கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டது அவர்தான். படுக்கையை நனைக்கிறாள் என்று, பொழுது சாய்ந்தால் தண்ணீர் கிடையாது என்று சட்டம் போட்டதும் அவர்தான். "தம்பி, ஒரு வாய் தண்ணி" என்று அவள் கதவைச் சுரண்டுவாள். அவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். வீட்டை நகர்த்துவதற்காக அவளைக் காப்பகத்தில் விட்டபோது, வீடு போய்ச் சேர்ந்ததும் கூட்டிப்போவதாகச் சொன்னார். பதினேழாம் நாள் இறந்துபோனாள். வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அடக்கத்தை நீங்களே முடித்துவிடுங்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

"பின் மூலை ஜாக்கி மட்டும் ஒரு ஆள் பாரம் கூடக் காட்டுது. உள்ள யாரும் இல்லையே சார்?"

இல்லை என்றார். அஸ்திவாரம் இறுகும்வரை வீடு ஜாக்கிகளின் மேல்தான் நிற்கும், தண்ணீர் சாய்ந்தால் போன் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு மேஸ்திரி ஆட்களோடு கிளம்பினார்.

குழாய் இணைப்பு இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைப் பின் அறை டம்ளரில் ஊற்றினார். வெளியே வந்தவர், பழக்கதோஷம், தாழ்ப்பாளைப் போட்டார்.

பொழுது சாய்ந்தது. ஈர சிமெண்டும் கிரீஸும் கலந்த வாடை தரை இடுக்குகள் வழியாக மேலே ஏற, அடியில் இரும்பு மெல்ல முனக, அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, திறந்த கதவுகள் வழியே நேர்கோட்டில் தெரிந்த மற்ற மூன்று டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின் அறைத் தாழ்ப்பாள் நகர்ந்தது. யாரும் தொடவில்லை.

சமையலறைத் தரை ஒரு நூல் இறங்கியது. அங்கிருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. பிறகு குறைந்தது. மடக்கு மடக்காக.

நடு அறைத் தரை இறங்கியது. அந்த டம்ளரும் வற்றியது.

காலடியில் இருந்த கடைசி டம்ளரை எடுத்து இருட்டை நோக்கி நீட்டினார்.

"குடி அக்கா. இந்தா, குடி."

கையில் டம்ளர் மெல்ல மெல்லக் கனம் குறைந்தது.

காலி.

நிசப்தம். அப்புறம் முதுகுக்குப் பின்னால், நாற்காலிக் கட்டையில், நகம் சுரண்டும் சத்தம். கதவைச் சுரண்டுகிற அதே தாளம். தாகம் அடங்கவில்லை. வீட்டில் வேறு தண்ணீர் இல்லை.

சுரண்டல் நின்றது.

ஒரு ஈர விரல் அவர் பிடரியைத் தொட்டு, கழுத்தைச் சுற்றி மெதுவாக முன்னால் வந்து, தொண்டைக் குழியில் சுரண்டத் தொடங்கியது.