உறைகருவின் வயது

அம்மாவின் ரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டியபோது நிறைமதி கட்டிலருகே நின்றிருந்தாள். அம்மாவுக்கு ஏழாம் மாதம். வயிற்றில் இருந்த தம்பி, நிறைமதியோடு ஒரே நாளில், ஒரே ஆய்வகத்தில் உருவானவன். அன்று இரண்டு கருக்கள். ஒன்றை உறைய வைக்காமல் உடனே கருப்பைக்குள் வைத்தார்கள். ஒன்றே முக்கால் கிலோவில் நிறைமதி பிறந்தாள். மற்றது இருபது ஆண்டுகள் உறைபெட்டகத்தில் கிடந்தது. அப்பா இறந்த மறுவருடம், "அவரோட மிச்சம் அது ஒண்ணுதான்" என்று நாற்பத்தாறு வயதில் அம்மா யாழிசை அதைச் சுமக்கத் துணிந்தாள்.

"உறைகருன்னா பிரஷர் ஏறுறது உண்டு," என்றார் டாக்டர் பர்வீன். "நஞ்சுக்கொடி இருபது வருஷத்துக்கு முந்தின உடம்பைத் தேடுது. கிடைக்காம சண்டை போடுது. காலமீட்டி போட்டாத்தான் ரெண்டு பேரும் பிழைப்பாங்க."

காலமீட்டி என்னும் மருந்து தாயின் உடலைக் கரு உருவான நாளின் நிலைக்குத் திருப்பும். பிந்தைய நினைவுகள் உறங்கிவிடும். நிறுத்தினால் எல்லாம் திரும்பும். யாழிசை மகளின் கையைப் பிடித்தபடி கையெழுத்திட்டாள்.

"ரெண்டு மாசந்தான் மதி. வந்துடுவேன்."

மூன்றாம் நாள் அழுத்தம் இறங்கியது. நரை கறுத்தது. நிறைமதி கஞ்சி கொண்டுபோனபோது, கட்டிலில் தன்னைவிடச் சற்றே மூத்த ஒரு பெண் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு பொறந்தா நிறைமதின்னு பேர் வெக்கணும்," என்றாள் அவள். "நீ புது நர்ஸாம்மா?"

யாழிசைக்கு அதிர்ச்சி தரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிறைமதி ஆமென்று தலையாட்டினாள். அவள் கணவரைக் கேட்டபோதெல்லாம் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

பையன் நல்லபடியாகப் பிறந்தான். ஒரு வாரம் கழித்து, காலமீட்டியை நிறுத்தும் படிவம் யாழிசையின் கையெழுத்துக்கு வந்தது. தெளிந்த மனமுள்ள யாருடைய உடலையும் அவர் சம்மதமில்லாமல் தொடக் கூடாது. மகள் சொல்லும் செல்லாது. தொடங்க அனுமதி வாங்கியவர்கள், நிறுத்தவும் அன்றே வாங்கிவைக்கத் தோன்றாமல் இருந்துவிட்டார்கள்.

நிறைமதி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவின் புற்றுநோயை, கடைசி மாதங்களை, தான் யார் என்பதை. படங்களையும் காட்டினாள். யாழிசை வெகுநேரம் அழுதாள். பிறகு ஒரு படத்தில், நரைத்த கூந்தலோடு இருந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், இந்தம்மா ரொம்பப் பட்டிருக்காங்க," என்றாள். "அவர் போனதை நீ சொல்லிக் கேட்டதுக்கே எனக்குத் தாங்கல. அதைக் கூட இருந்து பார்த்த ஞாபகம் எனக்கு எதுக்கு?"

"அந்த வருஷங்கள்லதாம்மா நானும் இருக்கேன்."

"தெரியுது. உன் முகத்துல அவர் ஜாடை இருக்கு. ஆனா உன்னைப் பெத்தது அவங்க. நான் இல்லையே."

கையெழுத்திடாமல் பேனாவை மேசைமேல் வைத்தாள். குழந்தை பசியில் சிணுங்கியது. அவனை மடியில் எடுத்துக்கொண்டு ரவிக்கைக் கொக்கியில் கைவைத்தவள், தயங்கி நிமிர்ந்தாள். வேற்றாள் முன் கூசுகிறவளின் குரலில் மெதுவாகச் சொன்னாள்:

"கொஞ்சம் வெளியில இரும்மா."