கத்திக்கு எண்ணெய் போட்டது யார்?

"வீல்ல்ல்ல்...!"

அலறியவர் கட்டிங் மாஸ்டர்.

அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு இவ்வளவு மெல்லிய குரலில் அலறலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் யாரும் இல்லை!

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு முதல் ஆளாகக் கடைக்குத் திரும்பியவர், ட்ரையல் ரூம் திரையை விலக்கியிருந்தார். உள்ளே முதலாளி. கழுத்தில் சின்னதாக ஒரு ஓட்டை. உட்கார்ந்தபடியே, கண் திறந்தபடியே, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு...

உயிரோடு இருந்தபோதும் அவருக்கு அதுதான் பிடித்த வேலை.

பெண்களுக்கு விதவிதமாக உடை தைக்கிற கடை அது. முதலாளிக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது. ஆனால் யார் தைத்தாலும் கழுத்துப் பட்டியில் தன் பெயர் போட்ட லேபிளை ஒட்டிவிடுவார். அதனால் கடையில் அவருக்குப் பெயரே 'லேபிள்'!

இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே கான்ஸ்டபிள், கொட்டாவி விட்டுக்கொண்டு.

"வாயை மூடுய்யா. பொணத்துக்கே தூக்கம் வந்துடப் போவுது."

குனிந்த இன்ஸ்பெக்டர் செத்தவரின் காலடியிலிருந்து எதையோ எடுத்தார். வெள்ளையாக, சின்னதாக...

"என்ன சார் அது? நகமா?"

"பல்குச்சி! பிளாஸ்டிக்."

கட்டிங் மாஸ்டரின் மீசை துடித்தது.

"ஐயோ... இது நம்ம டெய்லரம்மா வீட்டுக்காரரோடது சார்!"

"பல்குச்சியைப் பாத்தே ஆளைச் சொல்றியா?"

"அவர் ஒரு மடக்குக் கத்தி வச்சிருக்கார் சார். பிரிச்சா கத்தி, கத்தரி, ரம்பம், ஸ்க்ரூ டிரைவர், டின் ஓப்பனர்னு குடும்பமே வெளியில வரும். இந்தப் பல்குச்சி அதோட ஓரத்துல சொருகியிருக்கும். டெய்லரம்மாவைக் கூட்டிட்டுப் போக வர்றப்பல்லாம் எங்களுக்கு டெமோ காட்டுவார். நாங்க கேக்கவே மாட்டோம் சார். அவரா காட்டுவார்!"

அதற்குள் டெய்லரம்மாவும் சாப்பாடு முடிந்து வந்துவிட்டாள். பல்குச்சியைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"வீட்ல தூங்கறார் சார்... லிஃப்ட் மெக்கானிக். ராத்திரி டூட்டி."

பக்கத்துத் தெருதான். மாடியில் ஒற்றை அறை, சமையலறை. ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின். கட்டிலில் கணவன், குறட்டை.

மேஜை இழுப்பறையைத் திறந்தார் இன்ஸ்பெக்டர்.

தோல் உறை. அதற்குள் மெத்தென்ற துணி. அதற்குள் கத்தி! குழந்தையைத் தொட்டிலில் போட்டதைப் போல...

பல்குச்சி இருக்க வேண்டிய இடம் காலி.

ஒவ்வொன்றாகப் பிரித்தார். எல்லாம் பளபளவென்று மின்னின.

"ரத்தமே இல்லையே சார்!" என்றார் கான்ஸ்டபிள், ஏமாற்றமாக.

"அதான்யா விஷயம். வேற எவனா இருந்தாலும் மேலாகத் துடைச்சுட்டுச் சாக்கடையில வீசியிருப்பான். இவன் எல்லாத்தையும் பிரிச்சு, சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, மடக்குற இடத்துல சொட்டு எண்ணெயும் விட்டிருக்கான். எண்ணெய் இன்னும் காயக்கூட இல்ல. இந்த அக்கறை யாருக்குய்யா வரும்?"

"அவருக்கு மட்டும்தான் சார் வரும்..." என்று விசும்பினாள் மனைவி.

தீர்ந்தது. தூக்குக் கயிற்றில் முடிச்சுப் போட வேண்டியதுதான் பாக்கி!

கணவனை எழுப்பினார்கள். எதிரே போலீஸ். எதிரே விலங்கு. அவன் கண் போனதோ இன்ஸ்பெக்டர் கையிலிருந்த கத்திக்கு.

"சார்... பல்குச்சி எங்க?"

"பொணத்துக்குப் பக்கத்துல."

"தொலைஞ்சு போயிடலையே? அப்பாடா!"

"யோவ்!" கத்தினார் கான்ஸ்டபிள். "உன் பொண்டாட்டியோட முதலாளியைக் குத்திக் கொன்னிருக்காங்க. உன் கத்தியால. உனக்குத் தூக்குய்யா!"

அப்போதுதான் அவன் முகம் வெளுத்தது.

"நான் இல்ல சார்! நான் காலையில வந்து படுத்தவன். சத்தியமா எனக்கு ஒண்ணும்..."

"கத்தி உன்னுது. பல்குச்சி உன்னுது. எண்ணெய் விடற புத்தியும் உன்னுது. வேற என்னய்யா வேணும்?"

"எண்ணெயா? காட்டுங்க சார்."

இன்ஸ்பெக்டர் கத்தியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். மோந்தான். மறுபடி மோந்தான். தூக்கு என்றபோது கலங்காத கண்கள் கலங்கின!

"யார் சார்... எந்தப் பாவி சார் இதுல இந்த எண்ணெயை விட்டது?"

"நீதான்!"

"நானா? சார், இதாலதான் நான் ஆப்பிள் நறுக்கறேன். ரொட்டியில வெண்ணெய் தடவறேன். வாய்க்குள்ள போனா ஒண்ணும் பண்ணாத எண்ணெய்தான் விடணும். அதுக்குன்னு மருந்துக் கடையில புதுசா ஒரு பாட்டில் வாங்கி வச்சிருக்கேன், பாருங்க, சீல்கூட உடைக்கல. இது மண்ணெண்ணெய் வாடை அடிக்குது சார்! இது மெஷின் எண்ணெய்! தையல்..."

நிறுத்தினான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் பெண்டாட்டியைக் கெடுத்துவிட்டது!

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். தையல் மெஷின். அதன்மேல் நீள மூக்கு வைத்த எண்ணெய்ப் புட்டி. மூடி திறந்திருந்தது.

டெய்லரம்மா விசும்புவதை நிறுத்தினாள். முகத்தை நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு சொட்டுதான் விட்டேன்" என்றாள்.

"ஏம்மா?"

"ராவும் பகலும் கண்ணு முழிச்சு நான் தைச்ச கவுன் சார். பத்திரிகையில கலர் போட்டோ வந்துச்சு. கீழ அந்த லேபிளோட பேரு! கேட்டதுக்குச் சிரிச்சான். இன்னைக்கும் மத்தியானம் எல்லாரும் போனப்புறம் கேட்டேன். சிரிச்சான். குத்திட்டேன்."

"சரி. புருஷனை எதுக்கு மாட்டி விட்டே?"

"போட்டோ வந்த அன்னைக்கு இவர்கிட்ட வந்து அழுதேன் சார். கத்திக்குப் பாலிஷ் போட்டுட்டு இருந்தார். நிமிந்துகூடப் பாக்கல. 'கொஞ்சம் தள்ளி நின்னு அழு, தண்ணி பட்டா துருப் பிடிக்கும்'னார்!"

கான்ஸ்டபிள் பாதியில் நின்ற கொட்டாவியோடு கணவனைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"அப்பவே முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கு இவர் தூங்கறப்ப கத்தியை எடுத்துட்டுப் போனேன். ஒரே கல்லுல ரெண்டு மாங்காய்!"

"கத்தியைப் பொணத்துக்கிட்டயே போட்டிருக்கலாமே?"

"நம்புவீங்களா? உசிரே போனாலும் இவர் கத்தியை விட்டுட்டு வர மாட்டார்னு தெருவுக்கே தெரியும். அதான் பல்குச்சியை மட்டும் போட்டேன்."

திடீரென்று கணவன் எழுந்தான். இரண்டு கையையும் விலங்குக்கு நீட்டினான்.

"அவ பொய் சொல்றா சார். நான்தான் குத்தினேன்."

"என்னது?"

"ஒரு வார்த்தை காது கொடுத்துக் கேட்டிருந்தா அவ ஏன் சார் இப்படிப் போறா? தப்பு என்னுது. என் பேர்ல எழுதுங்க. அவளை விட்டுடுங்க!"

குரல் உடைந்து தேம்பினான். உண்மையான அழுகை. அவளை இழந்துவிடுவோம் என்று அவனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

டெய்லரம்மாவுக்கும் இப்போது நிஜமாகவே கண்ணீர் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவன் அவளுக்காகப் பேசுகிறான்.

"என்னங்க..." என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை எடுத்தார். பொய் வாக்குமூலத்தை உடைக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முழுவதும் எழுதி, கையெழுத்துக்கு நீட்டுவது!

எழுதிக்கொண்டே படித்தார்.

"'...கழுத்தில் குத்தினேன். வீட்டுக்கு வந்து கத்தியைக் கழுவினேன். பிறகு அதற்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, உறையில் வைத்தேன்.' இந்தா, போடு கையெழுத்து. போட்டா தூக்கு. யோசிச்சுக்கோ."

"யோசிக்க ஒண்ணுமில்ல சார்!"

பேனாவை வாங்கினான். காகிதத்தில் வைத்தான்.

கை நின்றது.

"சார்..."

"என்ன, பயமா?"

"கொலை பண்ணேன்னு இருக்கட்டும் சார். கழுவினேன்னும் இருக்கட்டும். அந்த எண்ணெய் வரியை மட்டும் அடிச்சிடுங்க. நான் போய் அந்த எண்ணெயை விட்டேன்னு வெளியில தெரிஞ்சா... மானமே போயிடும் சார்!"



டெய்லரம்மா அவன் கையை உதறினாள். பேனாவை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இப்படிக் குடுங்க சார், நான் போடறேன் கையெழுத்து. கீழ ஒரே ஒரு வரி மட்டும் சேத்துக்கோங்க."

"என்னம்மா வரி?"

"ஆள் மாத்திக் குத்திட்டேன்!"