நடைமேடைப் புல்

நடைமேடையில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த புல், தண்டவாளத்தை ஒட்டிய ஓரத்தில் மட்டும் ஜோடி ஜோடியாக அமுங்கிக் கிடந்தது. ஆடு மாடு மேய்ந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். குனிந்து பார்த்தாள். பாத அளவு. சில பெரியவை. சில அவள் உள்ளங்கை நீளம்கூட இல்லை. எல்லாமே தண்டவாளத்தைப் பார்த்தபடி.

கைவிடப்பட்ட இந்த ரயில் பாதையைச் சாலையாக்கலாமா என்று அளந்து சொல்வது அவள் வேலை. தனியாக அனுப்ப மனசு வராமல் அண்ணனும் கேமராவும் கையுமாகக் கிளம்பி வந்திருந்தான். ரயில் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். காலையிலிருந்து துருப்பிடித்த கைகாட்டிக்கெல்லாம் வரலாறு சொல்லி உயிரை வாங்கியவன், இந்த நிலையத்துக்கு வந்ததும் வாயே திறக்கவில்லை.

"இங்க என்னண்ணா கதை?"

"அது வேணாம், விடு."

"பரவால்ல, சொல்லு."

"அணை உடையப் போகுதுன்னு சனத்தையெல்லாம் இங்க கொண்டுவந்து நிக்க வச்சாங்க. ஏத்திட்டுப் போக வண்டி வருது, யாரும் நகரக் கூடாதுன்னு உத்தரவு. பின்னாடியே மேடு இருக்கு பாரு, ஏறியிருந்தா பொழச்சிருப்பாங்க. ஒருத்தர்கூட நகரல."

"வண்டி?"

"அனுப்பவே இல்ல."

அவன் படமெடுக்க ஓரத்துக்குப் போனான். அவள் முக்காலியை விரித்து அளவுக் கருவியைப் பொருத்தினாள். வெயில் கொளுத்தியது. காய்ந்த புல்லின் வாசனைக்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல வேறொரு வாசனை கிளம்பியது, புதுச் சேறும் அழுகிய இலையும் கலந்த வாசனை. இத்தனை நேரம் ஓயாமல் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் எப்போது நிறுத்தின என்று அவளுக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்தாள். அமுங்கிய தடங்களுக்கு நடுவே இருந்த ஓர் இடைவெளியில் அண்ணன் நின்றிருந்தான். வரிசையில் நிற்பவனைப் போல.

"அண்ணா, போதும். கிளம்பலாம் வா."

அவன் திரும்பவில்லை.

"நகரக் கூடாதாம்" என்றான். "வண்டி வந்துடுமாம்."

அவன் கால்சட்டை கணுக்கால்வரை நனைந்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்க ஈரம் ஏறியது. முழங்கால். தொடை. இடுப்பு.

ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். சில்லிட்டிருந்தது. நட்டுவைத்த கம்பம்போல் அசையவே இல்லை. அவள் காலணிக்குள் குளிர் புகுந்தது. பக்கத்தில் புல் அமுங்கியது. இடுப்புக்குக் கீழே, அவள் சட்டை நுனியை ஏதோ பற்றியது. குட்டி விரல்கள். கெட்டியாக.

அண்ணன் கையை விட்டாள்.

சட்டை கிழிய ஓடினாள். மேட்டின் உச்சியில்தான் நின்றாள். அங்கிருந்துதான் திரும்பிப் பார்த்தாள்.

நடைமேடை காய்ந்துதான் கிடந்தது. காற்றில்லை. ஒரு புல் நுனிகூட ஆடவில்லை. அண்ணன் அதே இடத்தில், தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றான். வாய் திறந்திருந்தது. சட்டை உப்பியிருந்தது. தலைமுடி மேலே எழும்பி, அந்த வெயிலில், மெதுவாக இடமும் வலமுமாக மிதந்துகொண்டிருந்தது.