தந்தத்தின் பங்காளி

அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தாள். மருத்துவமனையில் நாளெல்லாம் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிப் போவது அவள் வேலை.

"இன்னிக்கு மானம் போச்சுடி, வாலு!" என்றாள். பத்து வயது மகளுக்கு அவள் வைத்த செல்லப் பெயர் அது. "பல்வலிக்காரரைத் தோல் டாக்டர்கிட்ட தள்ளிட்டுப் போயிட்டேன். கதவு போர்டுல டென்டல், டெர்மான்னு எழுத்துக்கூட்டிப் படிச்சிடறேன். எது எதுன்னுதான் மண்டையில நிக்க மாட்டேங்குது. பாவம் அவரு, வாயைத் திறக்க முடியாம, சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டிட்டு உட்கார்ந்திருந்தாரு!"

வாலு சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இன்னொரு தப்பு நடந்தா மறுபடி சலவைக்கூடம்தான்னு பெரிய நர்ஸ் சொல்லிட்டாங்க."

சலவைக்கூடத்து நெடியில் அம்மா மாதக்கணக்கில் இருமியது வாலுவுக்கு மறக்கவில்லை. பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்த தடித்த அகராதியை விரித்தாள். ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் அகராதி அது.

"அம்மா, தந்தம் தெரியும்ல?"

"யானைக்கு இருக்குமே, அதுதான?"

"அதேதான். சமஸ்கிருதத்துல அதுக்குப் பல்லுன்னு அர்த்தம். ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ஒரு பாட்டன் மொழி இருந்துச்சாம். அதைப் பேசினவங்க ஆளுக்கொரு திசையாப் போயிட்டாங்க. ஒரு பக்கம் அந்தச் சொல்லு தந்தமாச்சு, இன்னொரு பக்கம் டென்டலாச்சு. தந்தம் நம்ம தமிழுக்கு விருந்தாளியா வந்து இங்கயே தங்கிடுச்சு."

"அப்போ ரெண்டும் பங்காளிங்களா?" அம்மா நிமிர்ந்தாள். "சரி, நேசல்?"

"நீயே சொல்லு."

"நாசி! மூக்கு! அப்புறம், போடியாட்ரின்னு ஒண்ணு இருக்கே? படிக்கும்போதே யாரையோ திட்டற மாதிரி இருக்கு."

"அது பாதத்தோட பங்காளி. கால் டாக்டரும்மா."

"அப்போ டெர்மா, சருமம். அதுவும் பங்காளிதான?"

வாலு பக்கங்களைப் புரட்டினாள். "இல்லம்மா. வேர் வேற. சும்மா முகஜாடைதான்."

"இருக்கட்டும். அடையாளம் கண்டுபிடிக்க ஜாடை போதும்டி."

மறுநாள் மாலையும் அம்மா அதே நாற்காலியில் அப்படியே சரிந்தாள்.

"இன்னிக்கு ஒருத்தரும் இடம் மாறல. அந்தப் பல்வலிக்காரர் மறுபடி வந்தாரு. என்னைப் பார்த்ததுமே சட்டைக் கையைச் சுருட்ட ஆரம்பிச்சிட்டாரு. 'வேணாம் ஐயா, இன்னிக்கு வாயைத் திறந்தாப் போதும்'னேன். வலியிலயும் சிரிச்சிட்டாரு."

வாலுவும் சிரித்தாள். வெந்நீர் வாளியை அருகே இழுத்து வைத்தாள்.

"பாதத்தைக் குடும்மா."

அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். வாலு சத்தம் போடாமல் அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.