பஞ்சுவின் தற்காலிகக் கூண்டு

கூண்டுக்கு வெளியே விதைகள் கிடந்தன. சாப்பாட்டு மேசை ஓரத்தில் இருந்த அந்தக் கம்பிக் கூண்டில், பால்கனிக் கதவைப் பார்த்த பக்கத்தில் மட்டும், சூரியகாந்தி விதைகள் கம்பி இடுக்கு வழியாக வெளியே தள்ளப்பட்டிருந்தன. ஹாம்ஸ்டர் கிடைத்ததையெல்லாம் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய் மூலையில் பதுக்குகிற பிராணி. அதற்குச் சேர்க்கத் தெரியும், கொடுக்கத் தெரியாது. சித்தி அவற்றைக் கூட்டி அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள். மறுநாளும் அதே பக்கத்தில் விதைகள். ஒருநாள் பெருக்காமல் விட்டுப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் ஒன்றுகூட இல்லை. எறும்பு இழுத்துப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குட்டிக்கு அவள் சித்தி. குட்டியின் அம்மா போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிய பிறகு, அப்பா கட்டிக்கொண்டு வந்தவள். வந்த நாளிலிருந்து அந்தப் பெண் "ம்", "வேண்டாம்" என்பதைத் தவிர அவளிடம் பேசியதில்லை. அப்பாவுக்கு லாரி ஓட்டுகிற வேலை, வீட்டில் தங்குவதே அபூர்வம். இரண்டு பேரும் எப்படியாவது ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு வெள்ளை ஹாம்ஸ்டரை வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிட்டார். அதற்குக் காதில் பழுப்புப் பொட்டு. குட்டி பஞ்சு என்று பெயர் வைத்தாள். "சித்தி, பஞ்சு என் கையிலயே தூங்குது" என்று அவளாக வந்து சொன்ன அன்று, சித்தி சமையலறைக்குள் போய் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

பெரிய கூண்டு வர நாளாகும், அதுவரை ஒரு சின்னத் தற்காலிகக் கூண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்கார அம்மா அப்பாவிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நாலு நாள் கூத்துக்கு எதற்குத் தண்டச் செலவு என்று, பருப்பு போட்டு வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு அதில் விட்டவள் சித்தி. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்று டப்பாவைப் பால்கனியில் கொண்டுபோய் வைத்தவளும் அவள்தான். அன்றைக்கென்று பார்த்து மழையும் குளிர்காற்றும் பிடித்துக்கொண்டன. காலையில், அது தூங்குகிறது, எழுப்பாதே என்று குட்டியைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு மூடியைத் திறந்தால், பஞ்சு கட்டையாகச் சுருண்டு கிடந்தது. ஜில்லென்று இருந்தது. மூச்சு தெரியவில்லை.

குட்டி வருவதற்குள் காரியம் முடிய வேண்டும். சித்தி அதைப் பழைய துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்தாள். மூடியை உள்ளங்கையால் அழுத்தி அடைத்து, பால்கனித் தொட்டியில் ரோஜாச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

காதில் பொட்டு வைத்த இன்னொன்று கிடைத்தது அதிர்ஷ்டம். கூண்டில்தான் திண்டாடினாள். கண்ணாடித் தொட்டி, குழாய் வைத்த பிளாஸ்டிக் வீடு, காற்றோட்டமான பெட்டி என்று கடைக்கார அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மூடி என்று ஒன்று இருந்த எதையும் சித்தியால் தொட முடியவில்லை. கடைசியில், நாலு பக்கமும் கம்பி போட்ட சின்னதைக் காட்டினாள்.

"ஆரம்பத்துக்கு இது போதும்மா. ஆனா ரெண்டை ஒண்ணா விட்டுடாதீங்க. ஒண்ணு இன்னொண்ணைக் கடிச்சே கொன்னுடும்" என்றார் அவர். பிறகு, மரத்தூள் பையைக் கட்டிக்கொண்டே, "குளிர்லயும் வைக்காதீங்க. கட்டை மாதிரி விறைச்சுக்கும், மூச்சுகூடத் தெரியாது. செத்துப்போச்சுன்னு பொதைச்சவங்கள்லாம் இருக்காங்க. கையில வெச்சுச் சூடு காட்டினா எழுந்துக்கும்" என்றார்.

மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் சித்தி கிளம்பினாள். ஓடித்தான் வந்தாள், தெருமுனை வரைக்கும். அங்கே நின்றுவிட்டாள். தோண்டும்போது உயிரோடு இருந்தால் சரி. மூடியைப் பிறாண்டிப் பிறாண்டிச் செத்திருந்தால்? அதைப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை. இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மெதுவாகவே நடந்து வந்தாள். சாயங்காலம் எப்போதும் போல ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றினாள். பாவி, தண்ணீரும் ஊற்றினாள்.

புதியது குட்டியின் கையைக் கண்டாலே மூலையில் ஒடுங்கியது. "இது என்னைத் தெரியாத மாதிரி பாக்குது சித்தி" என்றாள் குட்டி. கூண்டு புதுசு இல்லையா, பெரியது வந்ததும் சரியாகிவிடும் என்று சித்தி பூசி மெழுகினாள். குட்டியிடமிருந்து பழைய "ம்" கூட வரவில்லை. இன்று சாயங்காலம் கூண்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மழை வந்து மின்சாரம் போனது. ஜன்னலுக்கு மேலிருந்த தகரத்தில் மழை விழுகிற சத்தம், குழாயில் நீர் சொட்டுகிற சத்தம், மாடிவீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்த சித்திக்கு, அவை எல்லாவற்றுக்கும் அடியில், மெல்லிசாக, விடாமல், தகரத்தை நகம் உரசுகிற சத்தமும் கேட்டது. கூடவே ஒரு வாடை. நனைந்த மரத்தூளின் வாடை. அன்று காலை டப்பாவைத் திறந்தபோது வந்ததே, அதே வாடை.

அவள் கைபேசி வெளிச்சத்தில் பால்கனிக் கதவைத் திறந்தாள். சத்தம் நின்றது.

ரோஜாச் செடியின் மண்ணில் ஒரு கீறல் இல்லை. எறும்பும் இல்லை. சித்தி மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினாள். முள் கிழித்தது. நகக்கண்ணில் சேறு ஏறியது. அன்றே செய்திருக்க வேண்டும், அன்றே செய்திருக்க வேண்டும் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

டின் வந்தது. மூடி இறுக்கமாக, அவள் அழுத்தி அடைத்தபடியே இருந்தது. சமையலறையிலிருந்து கரண்டியை எடுத்து வந்து, அதன் காம்பை விட்டு நெம்பினாள்.

உள்ளே துணி நூல் நூலாகக் கிழிந்து கூடு போலச் சுற்றியிருந்தது. அதைச் சுற்றிலும் விதைத் தோல். சூரியகாந்தி விதைத் தோல், டின் நிறைய. மூடியைத் திருப்பினாள். உட்புறம் முழுக்கக் கீறல். கீறலெல்லாம் ரத்தம்.

பஞ்சு இல்லை.

மறுபடி அந்தச் சத்தம். இப்போது வீட்டுக்குள் இருந்து.

பிறகு குட்டியின் சிரிப்பு.

சித்தி ஓடினாள். கதவைத் தள்ளினாள். குட்டி இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கூண்டு பக்கத்தில் இருந்தது. அதன் கொக்கி போட்டபடியே இருந்தது. உள்ளே புதியது இல்லை. மரத்தூளில் ஒரு பிடி வெள்ளை முடி. ஈரம்.

"சித்தி, பஞ்சுக்கு என்னை ஞாபகம் வந்துடுச்சு" என்றாள் குட்டி. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சித்தி ஏங்கிய முகம் அது. குட்டி குவித்த கைகளை நீட்டினாள். "ரொம்ப ஜில்லுன்னு இருக்கு. கொஞ்ச நேரம் உங்க கையில வெச்சுக்கோங்களேன்."

வெளிச்சத்தைக் கீழே வைத்துவிட்டுச் சித்தி கையை நீட்டினாள். எப்படி நீட்டாமல் இருப்பது?

கல் போன்ற குளிர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. முடியெல்லாம் மண். தேய்ந்து, நகமே இல்லாமல் போன சின்னக் கால்கள் அவள் விரலை இறுகப் பற்றின. கன்னங்கள் இரண்டும் புடைத்திருந்தன. வாயோரத்தில், உள்ளே அடங்காமல், பழுப்புப் பொட்டு வைத்த இன்னொரு காது நீட்டிக்கொண்டிருந்தது.

கையின் சூடு ஏற ஏற, அது மெதுவாகக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.