ஆத்துக்கு ஆளில்லை

பல் விளக்கி, காபி குடித்து, மனசை மரத்துப்போக வைக்கும் மரப்பு ஊசி போட்டுக்கொண்டார் தரகர் குழந்தைவேலு. பங்காளர் சந்தை நாளில் தரகருக்கு அது கட்டாயம். ஊசி ஏறிவிட்டால் பொழுது சாயும்வரை யார்மீதும் பாசம் கிடையாது, கோபம் கிடையாது. தராசு முள்ளாக நிற்கலாம்.

அது ஏறுவதற்குள் மகள் தவமணி போனில் வந்துவிட்டாள். ஆற்றின் கடைமடையில் மீன் வளர்ப்பவள்.

"அப்பா, போன வருஷமே ஆத்தைக் கைவிட்டாச்சு. இந்த வருஷமும் விட்டா அது திரும்பவே வராதாம். எங்களைக் கோபுரக் குடியிருப்புக்குப் போகச் சொல்றாங்க."

"மூணு கூட்டத்துக்கும் தண்ணி வேணும் கண்ணு. கேக்காமலா போயிருவாங்க?"

"கேக்கலைன்னா? விரல் உங்க கைக்குள்ளதானே இருக்கு. மாத்திச் சொன்னா யாருக்குத் தெரியும்?"

பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஊசி ஏறி, அவள் குரல் அவருக்கு வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிட்டது.

காற்று, மண், ஆறு மூன்றையும் இயந்திரம் வைத்துத்தான் உயிரோடு வைத்திருந்தார்கள். பட்டறை, விவசாயி, அடுக்குமாடி என்று பங்காளர் மூன்று கூட்டம்; ஒவ்வொன்றும் ஒன்றைக் கேட்க வேண்டும்; கேட்டதைக் காக்கத் தன் மின்சாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். யாரும் கேட்காதது அந்த வருஷம் அநாதை. காற்றும் மண்ணும் லேசான சரக்கு. ஆறு கனம், மின்சாரத்தைக் குடித்துவிடும். கமிட்டி போட்டு, அறிக்கை அடித்து, நாற்காலி வீசிப் பார்த்து, கடைசியில் மாட்டுச் சந்தை வழிக்கே வந்தார்கள்: துண்டுக்கு அடியில் தரகர் கையில் விரல், யார் எதைக் கேட்டார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். ஒரு விரல் காற்று, இரண்டு மண், மூன்று ஆறு.

சாயப்பட்டறைச் சங்கத் தலைவர் ரத்தினசபாபதி முதலில் வந்தார்.

"ஆறுதானுங்க எங்க உசிரு!" என்று கூடத்துக்கே கேட்கச் சொன்னார். துண்டுக்குள் ஒரு விரலை நீட்டினார். பிறகு காதோரம் குனிந்தார். "விவசாயி விடுவானுங்களா? பயிரு காயுதில்ல."

விவசாயிகள் சார்பில் நாச்சிமுத்து. "பட்டறைக்காரருக்குத் தண்ணியில்லாம ஒரு நாள் ஓடுமா? அவரே சுமக்கட்டும்." இரண்டு விரல்.

அடுக்குமாடிக்காரர்களின் ஷர்மிளா துண்டைத் தொடுமுன் கைக்கு மருந்து தடவிக்கொண்டாள். "அவங்க ரெண்டு பேருக்கும்தான் சார் தண்ணி ரொம்ப முக்கியம். கண்டிப்பா கேட்டிருப்பாங்க." ஒரு விரல்.

குழந்தைவேலு அந்தக் கையை விடாமல் பிடித்திருந்தார். இன்னும் யோசி என்று சந்தையில் அதற்கு அர்த்தம். ஏன் பிடித்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

"முடிஞ்சுதா சார்?"

விட்டார். மாற்றிச் சொல்லலாம் என்பது நினைவிருந்தது. ஏன் மாற்ற வேண்டும் என்பதுதான் அகப்படவில்லை.

"காத்துக்கு ரெண்டு கூட்டம். மண்ணுக்கு ஒண்ணு. ஆத்துக்கு ஆளில்லை."

"ஏனுங்க நாச்சிமுத்து, நீங்க கேக்கலையா?"

"நல்லா இருக்குதே! ஊருக்கே கேக்கற மாதிரி உசிருன்னு கத்தினது நானா?"

இருவரும் ஷர்மிளாவைப் பார்த்தார்கள். அவள் தன் கையைப் பார்த்தாள்.

கை கொடுத்தால் கொடுத்ததுதான், மறுவிலை கிடையாது. ஜன்னலுக்கு வெளியே ஆற்று மதகு இறங்கும் சத்தம் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை.

"தரகரே," என்றார் ரத்தினசபாபதி மெல்ல. "அந்த ஊசி மிச்சம் இருக்குதுங்களா?"

உபரியாக ஒன்று இருந்தது. மேசைமேல் எடுத்து வைத்தார்.

"எனக்குக் கொடுங்க, பட்டறையில ஆளுங்களுக்கு நான்தானே சொல்லணும்."

"என் பையன் கேப்பான். நான் என்னன்னு சொல்ல?"

"சார், நான்தான் கடைசியாக் கை கொடுத்தேன். எனக்குத்தான் வேணும்."

துண்டு ஓரமாகக் கிடந்தது. மூன்று கைகளும் வெளிச்சத்திலேயே நீண்டன.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காலையில் போட்ட ஊசி இறங்கத் தொடங்கி, குழந்தைவேலுவின் விரல் நுனிகளில் மெல்லச் சுருக்கென்றது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தவமணி.

அவர் எடுக்கவில்லை. ஊசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டார்.