அளவில் நிற்காத கை

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைவதற்குள் மதுரையில் வாந்திபேதி பரவிவிட்டது. வைகை மணலில் படுத்துத் தூங்கிய வெளியூர்க்காரர்களைத்தான் அது முதலில் பிடித்தது. அவனியாபுரம் போகும் சாலையில் வெட்டவெளியில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு நோயாளிகளைக் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். வெயில் தணியத் தொடங்கிய ஒரு பிற்பகலில் முத்திருளன் அங்கே போய்ச் சேர்ந்தான். கக்கத்தில் சுருட்டிய காகிதம். சட்டைப் பையில் கரிக்குச்சிகள்.

நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலையில் படம் எழுதுவது அவன் தொழில். ராஜாவையும் ராட்சசனையும் ஆளுயரத்துக்கு எழுதுவான். ஆனால் துணிமணி இல்லாத ஒரு மனித உடம்பை நேரில் பார்த்து, எலும்பும் சதையும் தெரிய வரைய வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் ஆசை. அதற்கு யார் வந்து நிற்பார்கள்?

கொட்டகை டாக்டர்தான் ஆள் அனுப்பியிருந்தார். புதிதாகச் சேர்ந்த கம்பவுண்டர்களுக்குப் பாடம் சொல்லச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமாம்.

"ஊர் பேர் தெரியாத பிணம் ஒண்ணு கிடக்கு. நல்ல திடகாத்திரமான உடம்பு. புதைக்க ஆள் வர்றதுக்குள்ள வரைஞ்சிடு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கொட்டகையின் கோடியில் தட்டி மறைத்த இடம். உள்ளே பினாயில் நெடி மூக்கை அறுத்தது. பெஞ்சில் ஒருவன் மல்லாந்து கிடந்தான். முப்பது வயது இருக்கலாம். காவலுக்கு இருந்த ராமக்காள் போர்வையை விலக்கிவிட்டுத் தட்டிக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

முத்திருளன் பக்கவாட்டில் நின்றான். கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, கரிக்குச்சியால் தலையின் நீளத்தை அளந்தான். எல்லாவற்றுக்கும் தலைதான் அளவு. மோவாயிலிருந்து மார்க்காம்பு வரை ஒரு தலை. அங்கிருந்து தொப்புள் வரை இன்னொன்று. இடுப்பு, முட்டி, பாதம் என்று ஒவ்வொன்றும் கணக்காக வந்து விழுந்தது. வலது கை உடம்பை ஒட்டிக் கிடந்தது. விரல் நுனி தொடையின் பாதியில். அந்த இடத்தில் கோடு போட்டான். கால்களை வரைந்து முடித்துவிட்டு மறுபடி நிமிர்ந்து பார்த்தான்.

கை இடுப்பெலும்பின் மேல் இருந்தது.

நாம்தான் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டுப் புது இடத்தில் வரைந்தான். தோளுக்கு நிழல் கொடுத்தான். மறுபடி அளந்தான்.

விரல்கள் இப்போது தொப்புளைத் தொட்டன.

அளவில் அவன் தப்பினதே கிடையாது. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான். தெரியவில்லை. ஓர் எட்டு வைத்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்திருக்கலாம். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய். தவிர, முகம் இன்னும் பாக்கி இருந்தது. உயிர் இருக்கிறது என்று சொன்னால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இப்படி ஓர் உடம்பு இனி எப்போது கிடைக்கும்?

அவன் முகத்தை வரைந்தான்.

வெளியே குழி வெட்டும் ஆட்கள் வந்து நின்றார்கள். "முடிஞ்சதாண்ணே?" என்று எட்டிப் பார்த்தாள் ராமக்காள். "எல்லாஞ் சரியாத்தான இருக்கு? மொகம் வெளிறிப் போயிருக்கீக."

"ஒண்ணுமில்ல. எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

அவன் கண்முன்னாலேயே போர்வையோடு தூக்கிப் போனார்கள். கொட்டகைக்குப் பின்னால் குழி தயாராக இருந்தது. மண் விழும் சத்தம் கேட்பதற்குள் அவன் சாலைக்கு வந்துவிட்டான்.

மறுநாள் படத்தைப் பார்த்து டாக்டர் அசந்துபோனார்.

தெற்குவெளி வீதிக்குப் பின்னால், சந்துக்குள் இருந்தது அவன் பட்டறை. ஆடி பிறந்ததும் கம்பெனிக்காரர்கள் ராஜசபைத் திரை கேட்டார்கள். ராஜாவின் வலது கையைத் தொடைமேல் வைத்து வரைந்துவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோது கை மார்புக்கு வந்திருந்தது. துடைத்துவிட்டுத் தொடைமேல் போட்டான். மறுநாள் அது மோவாய்க்கு நேரே நின்றது. உள்ளங்கை வெளியே பார்க்க, விரல்கள் விறைத்து.

எதையோ தள்ளுகிற கை.

பட்டறையில் சாய வாடை போய் ஈரமண் வாடை வந்தது. உச்சி வெயிலில், தெரு அடங்கிக் கிடக்கும் நேரத்தில், திரைக்குப் பின்னால் நகத்தால் பிறாண்டுகிற சத்தம். திரைக்குப் பின்னால் வெறும் சுவர்.

"அண்ணே..."

வாசலில் குரல் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. சேற்றுக் காலோடு ஒரு பெண்பிள்ளை நின்றாள்.

"செல்லக்கிளிங்க. அலங்காநல்லூருப் பக்கம். எங்க வீட்டுக்காரரு பேரு விருமாண்டி. சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவுக வீடு திரும்பல. கொட்டகையில வேல பாத்த ராமக்காள்னு ஒரு அக்கா, நீங்க ஒருத்தர வரைஞ்சீகன்னு சொல்லுச்சு. மொகத்த மட்டும் காட்டுங்கண்ணே."

அவன் பதில் சொல்வதற்குள் அவள் பார்வை திரையில் பதிந்துவிட்டது. கிட்டே போய் ராஜாவின் கையை உற்றுப் பார்த்தாள்.

"இது அவுக கையி. மாடு மிதிச்சுச் சுண்டுவெரலு இப்பிடித்தான் கோணிப் போச்சு."

முத்திருளன் ராஜாவுக்குக் கோணல் விரல் வரையவில்லை.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மறைக்க இனித் தெம்பு இல்லை. பெஞ்சையும், அளவையும், நகர்ந்த கையையும் சொன்னான். ராமக்காள் கேட்டதற்குத் தான் சொன்ன பதிலையும் சொன்னான்.

செல்லக்கிளி அழவில்லை. திரையில் இருந்த கையைப் பார்த்தபடியே, "அப்ப சொல்லியிருந்தா பொழச்சிருப்பாகளா?" என்றாள்.

"தெரியல தாயி."

"தெரியாமலே போயிருச்சே." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அந்த எடத்தக் காட்டுங்க."

முந்தின நாள் மழை பெய்திருந்தது. கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள், கம்பு நட்ட குழிகள் மட்டும் தண்ணீர் தேங்கிக் கிடந்தன. பின்னால் சேறு மெழுகின மாதிரி வழவழவென்று இருந்த மேட்டைக் காட்டினான். அவள் ஓரமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, கணவனின் பேரை முணுமுணுத்தாள்.

முத்திருளன் மண்டியிட்டான். "என்னை மன்னிச்சிருய்யா" என்று ஈரமண்ணில் உள்ளங்கையை அழுத்தினான். எடுத்தபோது ஐந்து விரலும் பள்ளமாகப் பதிந்திருந்தன.

பக்கத்தில் மண் மெல்ல அசைந்தது.

முதலில் விரல் நுனிகள். பிறகு உள்ளங்கை. அவனுடைய பள்ளத்துக்கு அருகே, அதே அளவில், சுண்டுவிரல் கோணிய இன்னொரு கை மண்ணுக்கு அடியிலிருந்து புடைத்து எழும்பியது.

செல்லக்கிளி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

அவன் அந்தப் புடைப்பின்மேல் தன் கையை வைத்தான்.

இளஞ்சூடாக இருந்தது.